அத்தியாயம் 6: நிறுவனங்களுக்கு இடையிலான விபிஎன்னில் மாறாத முகவரி

இரண்டு நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குகளை விபிஎன் மூலம் இணைக்கும்போது பேச்செல்லாம் குறியாக்கத்தையும் சாவியையும் சான்றிதழையும் பற்றியே இருக்கும். அவற்றை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் தொல்லை கொடுப்பது முகவரி. இரு பக்கமும் ஒரே சப்நெட்டை வைத்திருப்பதால் இணைப்பே வராமல் போகும். வந்த பிறகோ, ஒரு பக்கம் சர்வரை மாற்றினால் மறுபக்கம் ஆர்டர்கள் நின்றுபோகும்.

இந்த அத்தியாயத்தின் சாரம் ஒரே விதிதான். கூட்டாளி நிறுவனத்துக்கு நீங்கள் தரும் ஐபி முகவரி உங்கள் சர்வரின் சொந்த முகவரியாக இருக்கக் கூடாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட, வேறெதற்கும் பயன்படாத ஒரு வரம்பிலிருந்து அதை எடுத்துத் தர வேண்டும். கொடுத்த பிறகு மாற்றக் கூடாது. விசிட்டிங் கார்டில் ஊழியரின் சொந்த மொபைல் எண்ணை அச்சிடாமல் அலுவலக எண்ணை அச்சிடுகிறோம் அல்லவா? இதுவும் அதே ஏற்பாடுதான். இனி, இந்த விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று பார்ப்போம்.

6.1 முகவரிகள் ஏன் மோதுகின்றன

நிறுவனங்கள் உள்ளே பயன்படுத்தும் தனியார் முகவரிகளை வரையறுப்பது 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம். அது ஒதுக்கிய வரம்புகள் மூன்று:

- 10.0.0.0/8: 1,67,77,216 முகவரிகள்
- 172.16.0.0/12: 10,48,576 முகவரிகள்
- 192.168.0.0/16: 65,536 முகவரிகள்

இவற்றை யாரிடமும் கேட்காமல் யாரும் பயன்படுத்தலாம். அதனாலேயே இவை உலகில் தனித்தன்மை உடையவை அல்ல. இந்த ஆபத்து அந்த ஆவணத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதன் முந்தைய வடிவமான ஆர்எஃப்சி 1597 வெளிவந்தது 1994 மார்ச்சில். முகவரியின் தனித்தன்மை போய்விடும் என்று அதை எதிர்த்து அதே ஆண்டு ஜூலையில் ஆர்எஃப்சி 1627 வந்தது. எதிர்த்து எழுதியவர்களில் ஒருவரான எலியட் லியர், 1996 ஆவணத்தின் இணை ஆசிரியர்களில் ஒருவரானார். இன்னொரு இணை ஆசிரியரான ராபர்ட் மாஸ்கோவிட்ஸ் அப்போது கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் இருந்தார். எண்ணற்ற சப்ளையர்களோடு தரவைப் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் அது.

ஆகவே ஆவணமே தெளிவாக எச்சரிக்கிறது: இரண்டு நிறுவனங்கள் பின்னாளில் இணைந்தால் முகவரிகள் மோதக்கூடும், அதைக் குறைக்க, உங்கள் வரம்பை ஒதுக்கப்பட்ட பரப்பிலிருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள். இந்த அறிவுரையைப் பெரும்பாலோர் பின்பற்றவில்லை. ரவுட்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே 192.168.0.0/24 அல்லது 192.168.1.0/24 என்று வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறோம். கையால் அமைப்பவர்களும் 10.0.0.0, 10.1.1.0, 10.10.10.0 என்று நினைவில் நிற்கும் எண்களையே எடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே எண்களை விரும்புவதால்தான் மோதல்.

மோதினால் என்ன ஆகும்? உங்கள் கணினி 192.168.1.20 என்றும், கூட்டாளியின் சர்வர் 192.168.1.50 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியைப் பொறுத்தவரை 192.168.1.50 பக்கத்து மேசையில் இருக்கும் கணினி. ஆகவே பாக்கெட்டை கேட்வேக்கு அனுப்பவே அனுப்பாது. தன் லேனுக்குள்ளேயே தேடும். டனல் எவ்வளவு நன்றாக இயங்கினாலும் அதற்குள் எதுவும் போகாது.

6.2 மூன்று அடுக்கு முகவரிகள்

நிறுவனங்களுக்கு இடையிலான விபிஎன்னில் மூன்று வகை முகவரிகள் ஒரே நேரத்தில் புழங்குகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

*வெளி முகவரி.* இணையத்தில் உங்கள் விபிஎன் கேட்வே தெரியும் முகவரி. டனல் இதன்மீது நிற்கிறது. இது மாறாமல் இருந்தால் நல்லது, மாறினாலும் சமாளிக்கலாம். எதிர்த்தரப்பு கேட்வேயை ஐபி முகவரியால் அடையாளம் காணாமல் சான்றிதழாலோ பெயராலோ அடையாளம் காணும்படி ஐகேஇவி2-வை அமைத்தால், இணையச் சேவையாளரை மாற்றும் நாளில் இரு பக்கமும் செய்ய வேண்டிய வேலை குறையும். வயர்கார்டில் ஒரு தரப்பின் அடையாளமே அதன் பொதுச் சாவிதான். வெளி முகவரி மாறினால், அந்தச் சாவியால் உறுதிசெய்யப்பட்ட பாக்கெட் எங்கிருந்து வந்ததோ அதையே புதிய முகவரியாக எடுத்துக்கொள்கிறது.

*ஒப்பந்த முகவரி.* கூட்டாளிக்கு நீங்கள் எழுத்தில் தருவது இதைத்தான். அவர்களுடைய ஃபயர்வால் ரூலில், செயலியின் அமைப்புக் கோப்பில், தணிக்கை அறிக்கையில் எல்லாம் இது பதிந்துவிடுகிறது. இது மாறவே கூடாது.

*உள் முகவரி.* உங்கள் சர்வருக்கு உங்கள் லேனில் உள்ள முகவரி. இது உங்கள் சொந்த விஷயம். நாளையே மாற்றலாம், வேறு டேட்டா சென்டருக்குக் கொண்டுபோகலாம், ஒன்றை இரண்டாக்கலாம். கூட்டாளிக்கு அது தெரியவே வேண்டாம்.

ஒப்பந்த முகவரிக்கும் உள் முகவரிக்கும் இடையில் மொழிபெயர்ப்பது நாட். இங்கே தேவைப்படுவது பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் மறைக்கும் வீட்டு ரவுட்டர் நாட் அல்ல. ஒரு ஒப்பந்த முகவரிக்கு ஒரு உள் முகவரி என்ற ஒன்றுக்கு ஒன்று நாட்.

6.3 ஒப்பந்த வரம்பைத் தேர்ந்தெடுத்தல்

முதலில், எவற்றைத் தவிர்க்க வேண்டும்:

- 192.168.0.0/16 முழுவதையும். இதில் மொத்தமே 256 /24 சப்நெட்டுகள்தான். 20 நிறுவனங்கள் ஆளுக்கு ஒன்றைத் தற்செயலாக எடுத்தால்கூட, எங்கோ இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல்.
- 172.17.0.0/16. டாக்கர் நிறுவியதும் தானாக எடுத்துக்கொள்ளும் வரம்பு இது. கூட்டாளியின் முகவரி இதற்குள் விழுந்தால், டாக்கர் ஓடும் உங்கள் சர்வருக்குக் கோரிக்கை வந்து சேரும். பதில் மட்டும் டாக்கருக்குள்ளேயே போய்த் தொலைந்துவிடும்.
- 172.31.0.0/16. அமேசான் வெப் சர்வீசஸின் இயல்புநிலை விபிசி எல்லாக் கணக்குகளிலும் இதே வரம்பில்தான் இருக்கும்.
- 100.64.0.0/10. இது 2012-இல் ஆர்எஃப்சி 6598 வழியாக இணையச் சேவையாளர்களுக்கென ஒதுக்கப்பட்டது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகளும் இதிலிருந்தே முகவரி தருகின்றன.
- உங்களுக்குச் சொந்தமில்லாத பொது முகவரிகள். நீண்ட காலம் யாரும் இணையத்தில் பயன்படுத்தாமல் கிடந்த 1.1.1.1 என்ற முகவரியைப் பல இடங்களில் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் அதே முகவரியில் டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியபோது, அந்த நெட்வொர்க்குகளிலிருந்து அதை அணுக முடியவில்லை.

இவை போனால் நல்ல வழிகள் இரண்டு எஞ்சுகின்றன.

முதல் வழி, 10.0.0.0/8-க்குள் தற்செயலாக ஒரு /24. இதில் 65,536 /24 சப்நெட்டுகள் உள்ளன. 50 கூட்டாளிகளுக்கு ஐம்பது தற்செயல் சப்நெட்டுகள் எடுத்தாலும் ஏதேனும் இரண்டு மோதும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ‘தற்செயல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுங்கள். மனதில் தோன்றும் எண்ணை எடுக்காதீர்கள். கணினியை 0 முதல் 255 வரை இரண்டு எண்கள் தரச் சொல்லுங்கள். 143, 82 என்று வந்தால் வரம்பு 10.143.82.0/24. பிறகு இரு தரப்பும் தத்தம் ரவுட்டிங் அட்டவணையில் அது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். 10.0.0.0/8 முழுவதையும் ஒரே ரூட்டாகப் போட்டு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. அங்கே இந்த /24-க்குத் தனி ரூட் போட்டு விபிஎன் கேட்வே பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, பதிவுபெற்ற பொது முகவரிகள். இணையத்தில் அறிவிக்காமல் விபிஎன்னுக்குள் மட்டுமே பயன்படுத்தினாலும், உலகில் வேறு எவரிடமும் அவை இருக்காது என்பதால் மோதலுக்கே இடமில்லை. கூட்டாளிகளிடம் பொது முகவரியையே கேட்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் இணையச் சேவையாளர் லீஸ்டு லைனோடு தரும் /29 உங்களுடையது அல்ல. சேவையாளரை மாற்றும் நாளில் அது போய்விடும். உங்கள் பெயரிலேயே பதிவான முகவரிதான் மாறாத முகவரி. இந்தியாவில் அதைத் தருவது நிக்ஸியின் கீழ் இயங்கும் ஐரின் பதிவகம். ஆசிய பசிபிக் பகுதி முழுவதற்கும் ஆப்நிக். உலக அளவில் ஐபிவி4 முகவரிகளின் மையச் சேமிப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே முழுவதும் பங்கிடப்பட்டுவிட்டதால், புதிதாகக் கிடைப்பது சிறிய அளவே. சிறு நிறுவனங்களுக்கு முதல் வழியே போதும்.

6.4 படிப்படியாக ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கார் ஆலையும், அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனமும். இரண்டின் லேனும் 192.168.1.0/24. ஆலையின் டெலிவரி அட்டவணை சர்வர் 192.168.1.50. பாக நிறுவனத்தின் டிஸ்பாட்ச் சர்வர் 192.168.1.20.

*படி 1.* 10.143.82.0/24 என்ற வரம்பை இரண்டாகப் பிரியுங்கள். ஆலைக்கு 10.143.82.0/25, பாக நிறுவனத்துக்கு 10.143.82.128/25.

*படி 2.* ஒவ்வொரு சேவைக்கும் ஒரு முகவரி ஒதுக்குங்கள். அட்டவணைச் சேவைக்கு 10.143.82.10. டிஸ்பாட்ச் சேவைக்கு 10.143.82.140. ஒதுக்குவது கணினிக்கு அல்ல, சேவைக்கு. ஒரே கணினியில் இரண்டு சேவைகள் இருந்தாலும் இரண்டு முகவரிகள் கொடுங்கள். பின்னாளில் ஒன்றை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் அப்போது இதன் அருமை தெரியும்.

*படி 3.* ஒவ்வொரு தரப்பும் தன் முகவரியைத் தானே மொழிபெயர்க்கட்டும். பாக நிறுவனத்தின் கேட்வே 192.168.1.20-க்கும் 10.143.82.140-க்கும் இடையே மாற்றும். ஆலையின் கேட்வே 192.168.1.50-க்கும் 10.143.82.10-க்கும் இடையே மாற்றும். எதிர்த்தரப்பின் முகவரியை நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒரே சேவைக்கு இரு பக்கமும் இரு வேறு எண்கள் உருவாகும். கோளாறு பற்றித் தொலைபேசியில் பேசும்போது இருவரும் வெவ்வேறு முகவரிகளைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

*படி 4.* டனலில் ஒப்பந்த வரம்புகளை மட்டுமே அனுமதியுங்கள். ஐபிசெக்கின் டிராஃபிக் செலக்டர் இரு பக்கமும் 10.143.82.0/25, 10.143.82.128/25 என்றே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் ‘லோக்கல்’ மறுபக்கத்தின் ‘ரிமோட்’. உள் முகவரி இதில் எங்கும் வரக் கூடாது.

*படி 5.* நாட் ரூல்களின் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான ஃபயர்வால்களில், லேனிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் பொது முகவரிக்கு மாற்றும் இணைய நாட் ரூல் ஏற்கெனவே இருக்கும். விபிஎன் நாட் ரூல் அதற்கு மேலே நிற்க வேண்டும். கீழே இருந்தால் பாக்கெட் பொது முகவரியோடு போய் செலக்டரில் பொருந்தாமல் இணையத்துக்கே போய்விடும். ‘டனல் அப் என்று காட்டுகிறது, ஆனால் தரவு போகவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்வோம். டிஸ்பாட்ச் சர்வர் 10.143.82.10-ஐ அழைக்கிறது. அந்த முகவரி தன் லேனில் இல்லாததால் பாக்கெட்டை கேட்வேக்கு அனுப்புகிறது. கேட்வே அனுப்புநர் முகவரியை 10.143.82.140 ஆக்கி, குறியாக்கி, டனலில் விடுகிறது. மறுமுனையில் ஆலையின் கேட்வே அதைப் பிரித்து, பெறுநர் முகவரியை 192.168.1.50 ஆக்கி உள்ளே அனுப்புகிறது. அட்டவணை சர்வருக்குத் தெரியும் அனுப்புநர் 10.143.82.140. அதுவும் தன் லேனில் இல்லாத முகவரி என்பதால் பதில் சரியாக கேட்வேக்கே திரும்புகிறது. ஒரே எண்கள் கொண்ட இரண்டு லேன்கள், ஒன்றையொன்று அறியாமலே பேசிக்கொள்கின்றன.

6.5 பெயரும் வேண்டும்

செயலியின் அமைப்புக் கோப்பில் 10.143.82.10 என்ற எண்ணை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவைகளுக்குத் தன் டொமைனின் கீழ் பெயர் வைத்து, அவை ஒப்பந்த முகவரிகளைக் காட்டும்படி செய்யட்டும். எதிர்த்தரப்பின் டிஎன்எஸ் சர்வர், அந்த டொமைனுக்கான கேள்விகளை மட்டும் டனல் வழியாக உங்களிடம் அனுப்பும்படி அமைக்கலாம். ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைப்பது வேண்டாம். எந்தக் கணினியில் எதை எழுதினோம் என்பது ஓராண்டில் மறந்துவிடும்.

டிஎல்எஸ் சான்றிதழ் பொதுவாகப் பெயரோடு பிணைந்தது. நாட் எத்தனை முறை முகவரியை மாற்றினாலும் பெயர் மாறாததால் சான்றிதழ் செல்லும்.

பெயர் இருக்கிறதே, முகவரி ஏன் மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஃபயர்வால் ரூல்களும் டிராஃபிக் செலக்டர்களும் எண்களால் ஆனவை. சில செயலிகள் தொடங்கும்போது ஒரே முறை பெயரைக் கேட்டு, பிறகு மறுதொடக்கம் வரை அந்த முகவரியையே பிடித்துக்கொள்ளும். ஆகவே பெயர், முகவரி இரண்டுமே நிலையாக இருக்க வேண்டும்.

6.6 நாட்டைத் தாங்காதவை

சில நெறிமுறைகள் ஐபி முகவரியைத் தரவுக்குள்ளேயே எழுதி அனுப்புகின்றன. எஃப்டிபி அவற்றில் பழையது: பாசிவ் முறையில் சர்வர் தன் உள் முகவரியைச் சொல்லி ‘இங்கே வா’ என்று கூப்பிடும், எதிர்த்தரப்புக்கு அந்த முகவரி தெரியாது. குரல் அழைப்புகளுக்கான சிப் நெறிமுறையிலும் இதே சிக்கல். ஃபயர்வாலின் உதவி நிரல்கள் இதைத் திருத்த முயலும். ஆனால் எஃப்டிபியைக் குறியாக்கிவிட்டால் அவற்றால் உள்ளே பார்க்க முடியாது. புதிதாகத் தொடங்கும் இணைப்பில் கோப்புப் பரிமாற்றத்துக்கு எஸ்எஃப்டிபி, மற்றவற்றுக்கு எச்டிடிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐபிசெக்கின் ஏஎச் முறையும் வழியில் நடக்கும் நாட்டோடு ஒத்துப்போகாது. அது வெளி முகவரியையும் சேர்த்து முத்திரையிடுவதால், முகவரி மாறினால் முத்திரை உடையும். இஎஸ்பி முறையைப் பயன்படுத்துங்கள். உங்கள் கேட்வே இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் யுடிபி 500-உடன் 4500-ஐயும் திறந்து வையுங்கள்.

6.7 கூட்டாளிகள் பெருகும்போது

ஒரே ஒரு கூட்டாளி இருக்கும்போதே, இருபது பேர் வரப்போகிறார்கள் என்று எண்ணி அமையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி /24. ஒருவருக்குக் கொடுத்ததன் மிச்சத்தை இன்னொருவருக்குத் தராதீர்கள். ஒருவருடைய ஒப்பந்த வரம்பிலிருந்து இன்னொருவருடையதற்குப் பாக்கெட் போகக் கூடாது என்ற ரூல் முதல் நாளே இருக்கட்டும். கூட்டாளி ‘அ’ உங்கள் வழியாக கூட்டாளி ‘ஆ’வை எட்டிப் பார்க்கும் நிலை ஒரு நாளும் வரக் கூடாது. பிஜிபி மூலம் ரூட்களைப் பரிமாறினால், எதிர்த்தரப்பிடமிருந்து ஒப்பந்த வரம்பை மட்டும் ஏற்று மற்ற எல்லாவற்றையும் தள்ளுங்கள். அங்கே யாரோ தவறுதலாக இயல்புநிலை ரூட்டை அறிவித்தால் உங்கள் இணையப் போக்குவரத்தே அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு தொழில்துறை முழுவதும் ஒரே வலையில் இணைய வேண்டும் என்றால், இருவர் இருவராகப் பேசி முகவரி ஒதுக்குவது ஒத்துவராது. அமெரிக்கக் கார் தொழில் 1990-களில் ஏஎன்எக்ஸ் வலையை உருவாக்கியது. ஐரோப்பியக் கார் தொழில் 2000-இல் இஎன்எக்ஸ் சங்கத்தை அமைத்தது. உங்கள் துறையிலும் அப்படியொரு கூட்டு முயற்சி எழுந்தால் முதலில் கேட்க வேண்டியது, முகவரிப் பதிவேட்டை யார் வைத்திருப்பார்கள் என்பதே.

கிளவுடில் விதி இன்னும் கண்டிப்பானது. அமேசானில் ஒரே வரம்பு கொண்ட இரண்டு விபிசிகளை நேரடியாக இணைக்கவே முடியாது. அங்கே பிரைவேட்லிங்க் போன்ற வசதியைப் பாருங்கள்: கூட்டாளியின் சேவை உங்கள் சப்நெட்டுக்குள்ளேயே உங்கள் முகவரி ஒன்றில் தோன்றும். முழு நெட்வொர்க்கையும் இணைக்காமல் ஒரே ஒரு சேவையை மட்டும் தருவதால் பாதுகாப்புக்கும் நல்லது.

ஐபிவி6-இல் இந்தச் சிக்கலுக்கு வேரிலேயே தீர்வு உண்டு. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4193 தனியார் முகவரிகளுக்கு 40 பிட் தற்செயல் எண்ணைக் கட்டாயமாக்கியது. அதில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் இருப்பதால் இரு நிறுவனங்கள் மோதுவது நடைமுறையில் நிகழாது, நாட்டும் தேவைப்படாது. இரு தரப்பின் செயலிகளும் ஐபிவி6 பேசுமானால் புதிய இணைப்பை அதில் தொடங்குங்கள்.

6.8 எழுத்தில் இருக்க வேண்டியவை

மாறாத முகவரி என்பது கடைசியில் இரு நிறுவனங்களின் வாக்குறுதி. அதைக் காப்பாற்ற, இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரு தாள் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

1. ஒப்பந்த வரம்பும், யாருக்கு எந்தப் பாதி என்பதும்.
2. சேவை வாரியாக: பெயர், ஒப்பந்த முகவரி, போர்ட், எந்தப் பக்கம் அழைப்பைத் தொடங்கும்.
3. இரு கேட்வேக்களின் வெளி முகவரியும், அவற்றை அடையாளம் காணும் முறையும்.
4. ஒப்பந்த முகவரியை மாற்றியே தீர வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. ஒரு மாதம் என்று எழுதுங்கள். அந்த மாதம் முழுவதும் பழைய முகவரியும் புதியதும் சேர்ந்தே இயங்க வேண்டும்.
5. கைவிட்ட முகவரியை வேறு சேவைக்குத் தருவதில்லை என்ற உறுதி. பழைய முகவரிக்கான ஃபயர்வால் ரூல் எங்கோ நீக்கப்படாமல் இருந்தால், புதிய சேவைக்கு யாரும் கொடுக்காத அனுமதி தானாகக் கிடைத்துவிடும்.
6. இரவு இரண்டு மணிக்கு அழைக்க வேண்டிய பொறுப்பின் பதவிப் பெயரும் எண்ணும். தனி ஆளின் பெயர் வேண்டாம், ஆள் மாறுவார்.

உள் முகவரிகள் இந்தத் தாளில் வரக் கூடாது. உள் முகவரிக்கும் ஒப்பந்த முகவரிக்குமான அட்டவணையை உங்களிடம் தனியாக வைத்திருங்கள்; மாற்றம் ஒவ்வொன்றையும் தேதி, நேரத்தோடு குறியுங்கள். மூன்று மாதம் கழித்துக் கூட்டாளி ‘10.143.82.140-இலிருந்து விசித்திரமான கோரிக்கைகள் வந்தன’ என்று சொன்னால், அன்று அந்த முகவரிக்குப் பின்னால் எந்தக் கணினி இருந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். இரு பக்கக் கடிகாரங்களும் என்டிபியால் ஒத்திருந்தால்தான் லாக்குகளை ஒப்பிட முடியும்.

6.9 சோதனை

பிங் போனால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். சேவை இயங்கும் சர்வரிலிருந்தே, உண்மையான போர்ட்டில், இரு திசையிலும் சோதியுங்கள். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். சிறிய பாக்கெட்டுகள் போய்ப் பெரியவை நின்றால், குறியாக்கம் சேர்க்கும் கூடுதல் பைட்டுகளால் 1,500 பைட் எல்லை மீறுகிறது என்று பொருள். டிசிபியின் எம்எஸ்எஸ் அளவைக் குறையுங்கள். டனலின் சாவி புதுப்பிக்கப்படும் நேரத்திலும் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிச் சோதனைதான் இந்த அத்தியாயத்தின் விதியை உரசிப் பார்ப்பது. கூட்டாளியிடம் ஒரு பராமரிப்பு நேரத்தை மட்டும் கேட்டு வாங்கி, உங்கள் சர்வரின் உள் முகவரியை மாற்றி, நாட் ரூலில் ஒரு வரியைத் திருத்துங்கள். எதிர்த்தரப்பு எதையும் தொடாமலே சேவை மீண்டும் ஓடினால் உங்கள் அமைப்பு சரி. அங்கே யாராவது ஒரு கோப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்ற வேண்டி வந்தால், உங்கள் உள் முகவரி எங்கோ வெளியே கசிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து ஒப்பந்த முகவரியாக மாற்றிய பிறகே இணைப்பை உற்பத்திக்கு விடுங்கள்.